தற்கொலையில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு எது உதவும்: வீடா, ஹாஸ்டலா, பள்ளியா, பாகாயமா?

காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று சாயங்காலம் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அவள் வீட்டுக்காரர் தற்கொலையால் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் வீடு. பெரியவள் அப்போது பிளஸ் ஒன், சின்னவன் எட்டாவது. இந்த இரண்டு பிள்ளைகளையும் இனி என்ன செய்வது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சென்னையில் இருக்கும் எங்கள் தம்பி, பையனை நான் கூட்டிப்போய் ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறேன் என்றான். வயசான ஒரு அத்தை, பரிகாரம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் வேலூர் பாகாயத்தில் இருக்கும் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று மெதுவாகச் சொன்னார், உடனே "அது மென்டல் ஆஸ்பத்திரி ஆச்சே, பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்க வேணாமா" என்று ஒரு குரல் வந்தது. பிள்ளைகள் இரண்டும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தத் திண்ணையில் சொன்னதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வருஷத்தில் செய்து பார்த்துவிட்டோம். இப்போது வேறு வீடுகளிலிருந்து, பேரணாம்பட்டிலிருந்து ஒருத்தர், கே.வி.குப்பத்திலிருந்து ஒருத்தர் என்று, என்னைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அந்தப் பிள்ளைகளுக்குப் பெரியம்மா.

செலவு, தூரம், ஊர் வாய் எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நான் அளக்கிற கோல் ஒன்றுதான். இப்படி ஒருத்தர் போன வீட்டில் வயசுப்பிள்ளை ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கும்: "என்னாலதானா?" பெரியவள் முந்தின வாரம் போன் ரீசார்ஜுக்காக அப்பாவோடு சண்டை போட்டிருந்தாள். சின்னவன் அன்று அப்பா கூப்பிட்டதற்கு "தோ வரேன்பா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனவன். இந்தக் கேள்வியைப் பிள்ளை வாய்விட்டுக் கேட்க எந்த இடம் விடுகிறது, கேட்டால் பதறாமல் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கே கூட்டிப்போவது என்பதற்கு முன்னால் இன்னொரு முடிவு இருக்கிறது, அதில்தான் நாங்கள் தவறினோம். பெரியவளுக்கு நடந்தது தெரியும். சின்னவனிடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லிவைத்தோம். பதிமூன்று வயசுப் பையன் தாங்கமாட்டான் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். உடம்பு வீட்டுக்கு வர ஏன் அவ்வளவு நேரம் ஆனது, போலீஸ்காரர் ஏன் அம்மாவிடம் எழுதி வாங்கினார், பேசிக்கொண்டிருந்தவர்கள் அவன் வந்ததும் ஏன் வாயை மூடிக்கொண்டார்கள், இதையெல்லாம் பார்க்கிற கண் அவனுக்கும் இருந்தது. இருபதாவது நாளோ என்னவோ, கிரவுண்டில் கூட விளையாடும் பையன் ஒருத்தன் சொல்லிவிட்டான், அவன் அம்மா யாரிடமோ போனில் பேசியதைக் கேட்டிருக்கிறான். சின்னவன் வீட்டுக்கு வந்து அழவில்லை. என் எதிரே நின்று, "இன்னாத்துக்கு பெரிம்மா என்கிட்ட மட்டும் பொய் சொன்னீங்க?" என்று கேட்டான். அப்புறம் மூன்று மாதம் என்னோடு பேசவே இல்லை.

மறைத்தால் கிடைப்பது சில நாள் அமைதி, அதுவும் நமக்குத்தான். குடியாத்தம் மாதிரி ஊரில், கையில் வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில், அந்தப் பொய் ஒரு மாதம் தாங்காது. உடைகிற அன்று பிள்ளைக்கு அப்பாவும் இல்லை, நம்புவதற்கு வீட்டில் ஆளும் இல்லை. சொல்லிவிட்டால் அன்றைக்கு வீடே நடுங்கும், உண்மைதான், ஆனால் அடுத்த கேள்வியைப் பிள்ளை உங்களிடம் வந்து கேட்கும்.

எப்படிச் சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு: பிள்ளைக்கு நெருக்கமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று வரியில் சொல்லுங்கள். "அப்பா தற்கொலையால இறந்துட்டாரு. அவர் மனசு ரொம்ப நாளா கஷ்டத்துல இருந்துச்சு, அதுக்கு வைத்தியம் இருக்குன்னு அந்த நேரத்துல அவரால நினைக்க முடியல. நீ செஞ்சதாலயும் இல்ல, செய்யாம விட்டதாலயும் இல்ல." இவ்வளவு போதும். எப்படி நடந்தது என்ற விவரத்தை நாமாக எடுக்க வேண்டாம். பிள்ளை கேட்டால் பொய் சொல்லாமல் ஒரு வரியில் முடித்து, கண்ணில் படம் ஓடும்படி வர்ணிக்காமல் விடுங்கள். கடனால் செத்தார், மார்க் குறைந்ததால் செத்தாள் என்று ஒற்றைக் காரணம் கட்டாதீர்கள். கடன் இருக்கிற எல்லாரும் சாவதில்லை, பல விஷயம் சேர்ந்துதான் ஒருத்தரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, அதோடு நாளைக்கு அந்தப் பிள்ளைக்கே கடனோ தோல்வியோ வரும்போது நாம் சொல்லிவைத்த கணக்குதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். துக்கம் கேட்க வருகிறவர்கள் "போனவர் நிம்மதியாப் போய்ட்டார்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் பதினாறு வயசுக் காதில் அது செத்தால் நிம்மதி என்று விழும், அதனால் வாசலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் அந்த வார்த்தை. தற்கொலை "செய்துகொண்டார்" என்று சொல்லும்போதே கொலைக்குற்றம் மாதிரி ஒரு வாடை வருகிறது என்று பெரியவள்தான் ஒரு நாள் சொன்னாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் தற்கொலையால் இறந்தார் என்றே சொல்கிறோம்.

போலீஸ் விஷயமும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய ஒன்று. இயற்கையாக இல்லாத எந்த மரணத்துக்கும் போலீஸ் விசாரணை உண்டு, பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அதில் சேர்ந்தது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு என்பார்கள், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 194. வீட்டில் யாரோ தப்பு செய்ததால்தான் போலீஸ் வந்தது என்று பெரியவள் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ராத்திரி கேட் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவாளாம். ஒரு நிமிஷம் உட்காரவைத்து விளக்கியிருந்தால் போதும், யாருக்கும் தோன்றவில்லை.

சரி, இனி இடங்களுக்கு வருகிறேன்.

ஹாஸ்டல் யோசனையைப் பெரும்பாலான வீடுகளில் நல்லவர்கள்தான் சொல்கிறார்கள். இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு ஞாபகம் வரும், வேறு ஊர் போனால் மறக்கும் என்று நினைக்கிறார்கள். என் தம்பிக்கும் அக்கறைதான். ஆனால் சின்னவன் அதை எப்படிக் கேட்டுக்கொண்டான் தெரியுமா? அப்பா போனதும் நம்மையும் வீட்டை விட்டு அனுப்புகிறார்கள், அப்படியானால் தப்பு நம்மேல்தான். "என்னாலதானா" என்ற கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்து இரண்டு வாரம் சென்னையில் இருந்தான், அங்கே யாருக்கும் அவன் அப்பாவைத் தெரியாது, அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. ராத்திரி போன் செய்து, "ம்மா, நீ தூங்கிட்டியா, கதவ சாத்திட்டியா" என்று திரும்பத் திரும்பக் கேட்பான். அம்மாவும் போய்விடுவாளோ என்று பயம் என்பது புரிய எங்களுக்குப் பத்து நாள் ஆனது. திரும்பக் கூட்டிவந்துவிட்டோம். வீட்டில் குடி, அடிதடி, பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்றால் வேறு வழி இல்லை, அனுப்பத்தான் வேண்டும். பிள்ளையே ஒரு மாதம் மாமா வீட்டில் இருக்கிறேன் என்று கேட்டாலும் அனுப்பலாம், திரும்பிவரும் தேதியைச் சொல்லி அனுப்புங்கள். மற்றபடி வீடு, தெரு, பள்ளி, சிநேகிதர்கள் என்று இருப்பதில் ஒன்றையும் முதல் வருஷம் கலைக்காதீர்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்றால் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவளே உடைந்துபோய்க் கிடக்கிறாள். பிள்ளைகள் அவள் அழுதுவிடக்கூடாதே என்று தங்கள் அழுகையை அடக்குகிறார்கள், அவள் பிள்ளைகளுக்காக அடக்குகிறாள், மூன்று பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது, அம்மாவைத் தவிர இன்னொரு பெரியவர். சின்னவனுக்கு அது அவன் சித்தப்பா. அவர் உட்காரவைத்துப் பேசுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் மோர்தானா அணை வரைக்கும் கூட்டிப்போவார், அவ்வளவுதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் முகம் பார்த்துப் பேசவேண்டியதில்லை. நாலாவது தடவை போகும்போது அவர் முதுகைப் பார்த்து, "சித்தப்பா, அன்னிக்கு அப்பா கூப்ட்டப்ப நான் போயிருந்தா?" என்று கேட்டிருக்கிறான். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைத்து, "நானும் அன்னிக்கு உங்கப்பாவுக்குப் போன் பண்ணலடா. நாம ரெண்டு பேரும் காரணம் இல்ல" என்று சொன்னாராம். எனக்குத் தெரிந்து இந்த இரண்டு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த பெரிய வைத்தியம் அதுதான்.

வயசுப்பிள்ளைகளின் துக்கம் பெரியவர்கள் துக்கம் மாதிரி இருக்காது, இது தெரியாமல் நாம் திட்டிவிடுகிறோம். காலையில் அழுதவன் சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவான், ராத்திரி காரணமே இல்லாமல் தட்டைத் தள்ளிவிடுவான். ஆடுகிறானே, இவனுக்கு அப்பா மேல் பாசமே இல்லையா என்று ஒரு உறவுக்காரர் கேட்டது அவன் காதில் விழுந்தது. தலைவலி, வயிற்றுவலி, தூக்கம் வராமை, செத்தவர் மேல் கோபம், சில சமயம் வீட்டில் சண்டை ஓய்ந்ததே என்று ஒரு ஆறுதல், அந்த ஆறுதலுக்காக ஒரு குற்ற உணர்ச்சி, இவை எல்லாம் இதில் வரும்.

பள்ளியில் இரண்டு விதமாகவும் நடந்தது. சின்னவன் வகுப்பில் ஆசிரியர், அவன் திரும்பிப்போன முதல் நாளே அவனை எழுப்பி நிற்கவைத்து, பாவம் இவனுக்கு அப்பா இல்லை, எல்லாரும் அன்பாக இருங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நாலு நாள் சின்னவன் பள்ளிக்கே போகவில்லை. பெரியவள் பள்ளியில் கணக்கு டீச்சர் தனியாகக் கூப்பிட்டு, யாருக்குச் சொல்லலாம், யாருக்கு வேண்டாம் என்று அவளிடமே கேட்டார். வகுப்பில் அழுகை வந்தால் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டாம், எழுந்து லைப்ரரிக்குப் போய்விடு என்றார். வருஷம் முழுக்க அவள் போனது ஐந்தாறு தடவை இருக்கும், ஆனால் போகலாம் என்பது தெரிந்ததாலேயே வகுப்பில் உட்கார முடிந்தது என்கிறாள். அதனால் பிள்ளை திரும்பிப்போவதற்கு முந்தின நாளே நீங்கள் போய் வகுப்பாசிரியரைப் பார்த்து இதைப் பேசிவிடுங்கள். இறந்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளையே என்றால், பெரிய படம் வைத்து மாலை போட்டுப் புகழ்ந்து பேசுவதை டாக்டர்கள் வேண்டாம் என்பார்கள், ஏற்கெனவே மனசு சோர்ந்திருக்கிற இன்னொரு பிள்ளைக்கு அது வேறு மாதிரிப் படும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணிலும் மாணவர்கள் பேசலாம்.

இப்போது பாகாயம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், அதாவது சி.எம்.சி.யின், மனநல மையம் அங்கே இருக்கிறது, பிள்ளைகளுக்கும் வளரிளம் வயசுக்காரர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. செலவு பயமாக இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவும் தூரம் என்றால் உங்கள் தாலுகா ஜி.எச்.சில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள்.

பெரியவளை நாங்கள் ஐந்தாவது மாதம்தான் கூட்டிப்போனோம், அதுவும் அவள் சாப்பிடுவது பாதியாகி, ராத்திரி முழுக்க விழித்திருந்து, நல்ல மார்க் வாங்குகிறவள் மாதத் தேர்வில் பேப்பரை வெறுமையாகக் கொடுத்த பிறகு. மருந்து கொடுத்து மயக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். முதல் இரண்டு தடவை மருந்தே எழுதவில்லை, பேசினார்கள், அவளைத் தனியாக, அம்மாவைத் தனியாக, அப்புறம் சேர்த்து. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அம்மாவிடம் சொல்வோம், மற்றது நமக்குள் என்று அவளிடம் முன்கூட்டியே சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த ரகசியம் அவர்கள் தயவில் கிடைப்பது இல்லை, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உரிமையாகவே இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து கேட்டாலும் ஆஸ்பத்திரி சொல்லாது. அங்கேதான் அவள் இன்னொரு கேள்வியையும் கேட்டாள்: "எங்க அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?" இது ரத்தத்தில் இருக்கிறது என்று ஒரு சொந்தக்காரர் அவள் முன்னாலேயே சொல்லியிருந்தார். இப்படி இழந்த வீடுகளில் ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை, சோர்வு வரும்போது உதவி கேட்கத் தெரிந்திருப்பதே நல்ல காப்பு என்று டாக்டர் நேராகச் சொன்னார். எங்களில் யாராலும் அந்தப் பதிலை அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

குறை என்று பார்த்தால், குடியாத்தத்திலிருந்து பாகாயம் போய்வர ஒரு நாள் போய்விடும், அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், காத்திருக்க வேண்டும். சின்னவனையும் ஒரு தடவை கூட்டிப்போனோம், அவன் வாயே திறக்கவில்லை, அங்கேயும் அவனை வற்புறுத்தவில்லை, சித்தப்பாவோடு நன்றாக இருக்கிறான், அப்படியே விடுங்கள், மாற்றம் தெரிந்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். துக்கம் என்பதே நோய் இல்லை, எல்லாப் பிள்ளைக்கும் ஆஸ்பத்திரி தேவைப்படாது, முதல் வாரமே இழுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். ஆனால் "நம்ம பொண்ணுக்கு எதுக்கு" என்று ஐந்து மாதம் காத்திருந்தோமே, அதுவும் தப்பு.

போனில் பேசுவதை நான் முதலில் மதிக்கவில்லை. பெரியவள் எங்களுக்குத் தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்கு 14416-க்குப் பேசியிருக்கிறாள். டெலிமானஸ் என்ற இந்த மனநல உதவி எண்ணை 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழில் பேசலாம், காசு இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்து பேசுவாள், அம்மாவை எழுப்பவும் மனசு வரவில்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கும் 044-24640050 எண்ணில் பேசலாம். ஒவ்வொரு தடவையும் வேறு குரல் எடுக்கலாம், அதனால் முதலிலிருந்து கதை சொல்லவேண்டி வரும், அதுதான் குறை. பிள்ளையின் போனில் இந்த எண்களை நீங்களே பதிந்து கொடுங்கள், யாரிடம் பேசினாய் என்று நோண்டாதீர்கள்.

கோயில், சர்ச், தர்கா எங்கே போனால் மனசு ஆறுகிறதோ போங்கள். அகால மரணம், ஆவி சுற்றும் என்கிற பேச்சு மட்டும் பிள்ளை காதில் விழக்கூடாது. அதைக் கேட்டுச் சின்னவன் இரண்டு மாதம் ராத்திரி பாத்ரூம் போகத் தனியாக எழுந்திருக்கவில்லை.

ஒரு வருஷம் பண்டிகை இல்லை என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். புரட்டாசியில் அவர் போனார், அடுத்த மாதம் தீபாவளி, பிள்ளைகள் எதுவும் கேட்கவில்லை. வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தபோது சின்னவன் அம்மாவிடம், "நான் தூரத்துல நின்னு பாத்துட்டு வரட்டா" என்று கேட்டான், அப்பா அவனைத் தோளில் வைத்துக் காட்டின திருவிழா. சம்பிரதாயம் தெரிந்தவர்கள் கூடாது என்றார்கள். தங்கச்சி அனுப்பினாள். நான் அவள் பக்கம்தான்.

கடைசியாக ஒன்று, இதில் ஒப்பீடு கிடையாது. அப்பாகிட்டயே போயிடறேன் என்று பிள்ளை சொன்னால், தனக்குப் பிடித்த பொருளை எல்லாம் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள், மருந்து மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கு எட்டாமல் பூட்டுங்கள். "சாகணும்னு தோணுதா" என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, கேட்க ஒருத்தர் இருக்கிறார் என்பதுதான் தெரியும். பிள்ளைதானே, இரண்டு நாளில் மறந்துவிடும் என்பவர்கள் நம் பக்கத்து ஊர்க் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை சி.எம்.சி. சமுதாய நல டாக்டர்கள் ஒவ்வொரு சாவையும் விசாரித்து எழுதினார்கள். பத்திலிருந்து பத்தொன்பது வயசுக்குள், வருஷத்துக்கு லட்சம் பேரில் பெண் பிள்ளைகள் 148 பேரும் பையன்கள் 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். பழைய கணக்குதான். ஆனால் வேறு எங்கோ நடந்தது இல்லை, பாகாயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது.

பெரியவள் இப்போது காலேஜ் முதல் வருஷம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தானே பாகாயம் போய்வருகிறாள். பத்தாவது படிக்கிற சின்னவன் கூடப் போகமாட்டான், ஆனால் அன்றைக்கு அவளைப் பஸ் ஏற்றிவிட சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறான்.